குழந்தை எழுந்திரிக்கட்டும்

தூங்குகிற பிள்ளையின் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணக் கூடாது என்று பிள்ளையின் பாட்டி பாவாயி சொல்லிவிட்டாள். அதோடு எல்லாம் அப்படியே நின்றுவிட்டது. சமரசம் பேசிவைக்க உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "சரிம்மா, குழந்தை எழுந்திரிக்கட்டும், எழுந்ததும் கூப்பிடுங்க" என்று பக்கத்து அறையில் வேறு யாருடைய வழக்கையோ பார்க்கப் போனார். கிளினிக் பக்கத்து வக்கீல் பொன்னுரங்கமும் அவர் பின்னாலேயே போனார். போகிற போக்கில் நர்ஸ் சிந்தாமணியின் காதருகே குனிந்து, "ஒரே வார்த்தை சிஸ்டர். சொல்லலைன்னு சொல்லுங்க. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஊட்டுக்குப் போயிரலாம்" என்றார். அவருக்கென்ன, வைக்கப்போகிற கை அவர் கையா? சொல்லிவிட்டுப் போவது வக்கீல்களுக்கு எப்போதும் சுலபம். நுகர்வோர் கோர்ட்டின் பின்கட்டில், முன்பு பழைய வழக்குக் கட்டுகளைப் போட்டு வைத்திருந்த அறை அது. இன்னும் அந்தத் தூசி வாசனை போகவில்லை. மின்விசிறியின் காற்று வாசலை ஒட்டின இடத்தில்தான் விழுந்தது என்பதால் பிள்ளையின் அம்மா பூங்கொடி தன் துப்பட்டாவை அங்கே விரித்துப் பிள்ளையைக் கிடத்தியிருந்தாள். தலை அவள் மடியில். பிளாஸ்டிக் அச்சுக்குள் கட்டிய இரண்டு கால்களும் நிலைப்படிக்குக் குறுக்கே. சிந்தாமணிக்கு எழுந்து வெளியே போக வேண்டும்போல் இருந்தது. தண்ணீர் குடிக்க வேண்டும், முகம் கழுவ வேண்டும், அப்படியே நடந்து பஸ்ஸ்டாண்டுக்குப் போய் ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறிவிட வேண்டும். ஆனால் படுத்திருக்கிற குழந்தையைத் தாண்டக் கூடாது, தாண்டினால் வளர்த்தி நின்றுபோகும்; அதைச் சொல்ல ஆள் வேண்டியதில்லை. அதுவும் இந்தக் குழந்தையைத் தாண்டுவதா! பக்கத்து அறைக் கதவு வழியே போனால் ஊரான் சண்டைக்கு நடுவே போய் நிற்க வேண்டும். அவள் பெஞ்சின் ஓரத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள்.

கேட்டது ஒரே ஒரு கேள்விதான், அதுதான் கொடுமை. மூணரை மாச ஊசிக்கு யுகனைக் கொண்டுவந்த அன்றைக்கு, பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது என்று பூங்கொடி சிஸ்டரிடம் சொன்னாளா, இல்லையா. ஊசி போட்ட அன்று சாயங்காலமே பிள்ளைக்கு வெட்டு வந்தது, கை கால் இழுத்துக்கொண்டது. அப்புறம் வந்துகொண்டே இருந்தது. பேச்சு வரவில்லை, நடை வரவில்லை. கிளினிக் டாக்டர் சொல்வார், இது பிள்ளையின் பிறப்பிலேயே இருந்த கோளாறு சிஸ்டர், ஊசி போட்டாலும் வந்திருக்கும், போடாவிட்டாலும் வந்திருக்கும், காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வந்திருக்கும் என்று. அந்தப் பக்கத்துக்காரர்கள் கூட்டிவந்த பெரிய டாக்டர் அப்படியெல்லாம் உறுதியாகச் சொல்ல முடியாது, ஊசியால்தான் என்றும் சொல்லலாம் என்று எழுதிக் கொடுத்தார். படித்தவர்கள் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லிவிட்டால் வழக்குக்கு ஆயுசு கெட்டி. இழுத்து இழுத்துப் பையனுக்கு இப்போது ஐந்து வயசு. கடைசியில், யார் மேலும் தப்பு இல்லை, பிள்ளையின் வைத்தியத்துக்கு இன்சூரன்ஸ்காரர்கள் கொடுப்பதை வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்வது என்று பேசி முடித்தாயிற்று. டாக்டர் காலையிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு நோயாளிகள் காத்திருக்கிறார்கள் என்று போய்விட்டார். பிள்ளையின் அப்பா, தறிக்காரன் மோகனசுந்தரமும் போட்டான். பேனா பூங்கொடி கைக்கு வந்தபோதுதான் அவள் தலையைக் குனிந்துகொண்டே, "எனக்குப் பணத்தப்பத்தி ஒண்ணும் இல்லீங். சிஸ்டரு எம் பையன் தலைல கைய வெச்சு, நான் சொன்னனா இல்லையான்னு மட்டும் சொல்லட்டுங். நான் போட்டர்றன்" என்றாள். சொல்லிவிட்டுப் பேனாவை மூடி வைத்தாள். அந்தப் பேனா இன்னும் மேஜைமேல் கிடந்தது.

ஞாபகம் இல்லை. சுத்தமாக ஞாபகம் இல்லை. சிந்தாமணி கண்ணை மூடிப் பார்த்தாள், திறந்து பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். புதன்கிழமை ஊசி நாள். வரிசையாகத் தொடைகள்தான் ஞாபகம் வரும், முகங்கள் வராது. கொழுகொழு தொடை, எலும்புத் தொடை, பவுடர் அப்பின தொடை, மடிப்பில் சிவந்து கிடக்கிற தொடை. ஜொரம் சளி உண்டா பால் குடிக்குதா போன தடவ போட்டப்ப ஒண்ணும் ஆகலையே என்று ஒரே மூச்சில் கேட்பாள். கண்டக்டர் ஊர்ப்பேர் சொல்வது மாதிரி வாய் பாட்டுக்குச் சொல்லும், கை பாட்டுக்குப் பஞ்சை நனைக்கும். கேட்டிருப்பேன். கேட்காமல் ஒருநாளும் போட்டதில்லை. ஆனால் பதில்? பதிலைக் கேட்டேனா? அந்த இடத்தில்தான் மனசு போய் முட்டிக்கொண்டு நின்றது. ஐந்து வருஷமாக அங்கேதான் நிற்கிறது. அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒரு பிடி கிடைத்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மிச்சத்துக்குப் போய்விடலாம். அன்றைக்குத்தான் எதிர்ச்சாரியில் செல்போன் கடை திறந்தார்கள். மேளம் அடித்தார்கள். கரடி வேஷம் போட்ட ஒருத்தனை வாசலில் ஆடவிட்டார்கள், வருகிற குழந்தைகள் எல்லாம் அதைப் பார்த்தே கத்திக்கொண்டு வந்தன. நடுவில் அவன் தண்ணீர் கேட்டு கிளினிக்குக்குள் வந்துவிட்டான். கரடித் தலையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வேர்வை சொட்டச் சொட்ட, அக்கா கொஞ்சம் தண்ணி என்றான். மீசைகூட முளைக்காத முகம். அவன் முகம் அப்படியே இருக்கிறது, உதட்டுக்கு மேலே இருந்த தழும்புகூட இருக்கிறது. பூங்கொடி முகம் இல்லை. யுகன் முகமும் இல்லை. ஒருத்தர் வாழ்க்கையைப் புரட்டிப் போட்ட நாளில் எனக்கு ஒரு கரடிதான் மிச்சமா, என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அதுவும் அன்றைக்குத்தானா? போன வருஷம் மனசு கேட்காமல் அந்தக் கடைக்குப் போய், எப்போது திறந்தீர்கள் என்று கேட்டாள். கடைக்காரன் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமைன்னு நெனைக்கறன், நல்ல நாள் பாத்துத்தான் தெறந்தோம், எதுக்குங்க்கா என்றான். வியாழக்கிழமை என்றால் கரடியும் போயிற்று.

"அதென்ன கண்ணு இத்தன நேரந் தூங்கறான்" என்றாள் பாவாயி. அவள் எதிர் பெஞ்சில் காலைத் தூக்கி மடக்கி உட்கார்ந்திருந்தாள். கேள்வி மருமகளுக்கு, பார்வை சிந்தாமணி மேல். "வண்டில வந்த அலுப்பா இருக்கும், அத்தை" என்றாள் பூங்கொடி. அவள் பிள்ளையின் நெற்றிமேல் விழுந்த முடியை ஒதுக்கி ஒதுக்கிவிட்டுக்கொண்டே இருந்தாள். "ஏனுங் சிஸ்டரு, நான் ஒண்ணு கேக்கறன், தப்பா நெனச்சுக்காதீங்க. ஒரு தாயி வந்து, பையனுக்குச் சுடுதுன்னு வாயத் தொறந்து சொல்லியிருந்தா நீங்க ஊசி போட்டிருப்பீங்களா? போட மாட்டீங்கல்ல? படிச்சவங்க. அதத்தான் நானும் அன்னிலிருந்து சொல்றன். இவ வாயே தொறந்திருக்க மாட்டா. இவளுக்கு வாய் எங்க இருக்குது?" என்றாள் பாவாயி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பழகின பேச்சாகச் சொன்னாள். அதுதான் சிந்தாமணியை உறுத்தியது. கோபத்தில் சொல்வது ஒருநாளில் அடங்கிவிடும். இது தினமும் காப்பியோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட பேச்சு. ஐந்து வருஷமாக இந்தப் பெண் இதைக் குடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். "நான் சொன்னனுங், அத்தை" என்றாள் பூங்கொடி, தலை நிமிராமல். "சொன்னயா, சரி. இப்பத்தான் தெரிஞ்சு போயிருமே" என்றாள் பாவாயி. ஜன்னலுக்கு வெளியே வராந்தாவில் மோகனசுந்தரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். எல்லாம் அவன் காதில் விழும் தூரம்தான்.

சொல்லவில்லை என்று சொன்னால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. வக்கீல் எழுதின பதிலில் அப்படித்தான் இருக்கிறது. எதிர்மனுதாரரிடம் குழந்தையின் தாயார் காய்ச்சல் பற்றி ஏதும் தெரிவிக்கவில்லை என்று தட்டச்சு அடித்துக் கொடுத்தார், சிந்தாமணியும் கையெழுத்துப் போட்டாள். காகிதத்தில் போடும்போது ஒன்றும் தோன்றவில்லை, அது ஏதோ கோர்ட்டுப் பாஷை. ஆனால் அதையே இந்தத் தலைமேல் கையை வைத்து, பாவாயி கேட்க, பச்சைத் தமிழில் சொன்னால்? இந்தப் பெண்ணை அந்த வீட்டில் அதற்கப்புறம் யார் மனுஷியாக மதிப்பார்கள்? சுடுகிற பிள்ளையை ஊசிக்குத் தூக்கிப் போய் வாயை மூடிக்கொண்டு நின்றவள் என்று முத்திரை குத்தியாகிவிடும், அந்த முத்திரையைக் குத்தினது என் கை. சரி, சொன்னாள் என்று சொன்னால்? பேசி முடித்ததெல்லாம் கலைந்துபோகும். இன்சூரன்ஸ்காரன் பின்வாங்குவான். டாக்டர் ஒற்றை அறையில் கிளினிக் ஆரம்பித்த நாளிலிருந்து கூட நின்றவளை, கவலைப்படாதீங்க சிஸ்டர் நான் இருக்கேன் என்று சொன்ன அதே வாயால், நாளையிலிருந்து வர வேண்டாம் என்பார். பேர் கெட்ட நர்ஸை இந்த வயசில் எந்த ஆஸ்பத்திரி சேர்த்துக்கொள்ளும்? ஈரோட்டில் மகள் இருக்கிறாள்தான். காலையில் போன் பண்ணி, ஏம்மா, ஒண்ணுந் தெரியாதுன்னு சொல்லிட்டு வந்துருங்க, எதுக்கு வம்பு என்றாள். தெரியாது என்பதுதானே நிஜம்! எனக்கு ஞாபகம் இல்லை, இதைத் தலையில் கை வைத்தல்ல, நெருப்பில் கை வைத்துக்கூடச் சொல்லலாமே! ஆனால் அது யாருக்கு வேண்டும்? பொன்னுரங்கம் முன்பே சொல்லிவிட்டார், ஞாபகம் இல்லைன்னு சொன்னா மறைக்கறீங்கன்னுதான் அர்த்தம் சிஸ்டர் என்று. பூங்கொடி கையெழுத்துப் போட மாட்டாள். அதைவிட, அவள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? உன்னை எனக்கு ஞாபகமே இல்லை பெண்ணே, உன் பிள்ளையும் ஞாபகம் இல்லை, நீ என்னை நினைக்காத நாள் இருந்திருக்காது, நான் அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன் என்று. அதற்கு, சொல்லவில்லை என்று பொய் சொல்வதே மேல். பொய்யா அது? பொய் என்று தெரிந்தால்கூடப் பரவாயில்லையே. மூன்று வழி இருந்தது, மூன்றிலும் ஆட்கள் மறித்து நின்றுகொண்டிருந்தார்கள். சுற்றிச் சுற்றி மறுபடியும் பஞ்சை நனைக்கிற இடத்துக்கே வந்தாள். லேசா சுடுதுங் சிஸ்டர். யாரோ சொன்னார்கள். இதோ, இந்தக் குரல் நிஜமாக இருக்கிறது. மூக்குத்தி போட்ட பெண், வயிற்றில் இன்னொன்று. இல்லை, பூங்கொடிக்கு இவன் ஒருத்தன்தான், மூக்கும் குத்தவில்லை. அது வேறு யாரோ. சுடுகிறது என்று சொல்லாத தாய் உண்டா? வாரத்துக்கு நாலு பேர் சொல்வார்கள். லேசான சூடு என்றால் போடலாம் என்றுதான் டாக்டரும் சொல்லியிருந்தார். அப்படியானால் அவள் சொல்லியிருந்து நான் போட்டிருந்தாலும் தப்பில்லை. தப்பில்லை என்றால் எதற்கு இப்படி வேர்க்கிறது?

பிள்ளை தூக்கத்தில் ஒருமுறை முனகினான், மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். எழவில்லை. சிந்தாமணிக்கு, எழாமலே இருக்கட்டும், இப்படியே சாயங்காலம் ஆகிவிடட்டும், கோர்ட்டைப் பூட்டிவிடட்டும் என்று தோன்றியது. தோன்றினதுமே ஐயோ, என்ன நினைப்பு இது என்று உள்ளுக்குள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கன்னம் சிவந்து வாய் பிளந்து தூங்கினான். இத்தனை வெக்கையில் அப்படித்தான் இருக்கும். நல்ல களையான முகம், அம்மாவின் புருவம். பெற்றவள் எப்படி இந்தத் தலையைக் கொடுக்கத் துணிந்தாள்? பொய்ச் சத்தியம் பிள்ளையைத்தானே பாதிக்கும்? ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த மூளை அதெல்லாம் ஒன்றுமில்லை என்றது. கை மட்டும் மடியில் விறைத்துக்கொண்டு கிடந்தது. இனி இவனுக்கு ஆவதற்கு என்ன இருக்கிறது என்று துணிந்தாளா? அல்லது, என்ன ஆனாலும் இந்தச் சிஸ்டர் பொய் சொல்ல மாட்டாள் என்று நம்பினாளா? வழக்குப் போட்டவள், எதிரி, நம்பினாளா என்னை? வீட்டில் ஒருத்தரும் அவளை நம்பாதபோது சாட்சிக்கு வேறு யார் கிடைப்பார்கள், அன்றைக்கு அந்த அறையில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தானே. இதை நினைத்ததும் சிந்தாமணிக்கு எழுந்துபோய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. உட்கார்ந்து? என்ன சொல்ல? கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். பாவாயி, "அந்தச் சத்தமே அவன எழுப்பீரும்" என்றாள்.

எழுந்துவிட்டான். அழவில்லை. கண் திறந்து மின்விசிறியையே பார்த்துக்கொண்டு கிடந்தான். மோகனசுந்தரம் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுப் போய்க் கூப்பிட்டான்போல. நீதிபதி வந்தார், வக்கீல் வந்தார், ஜன்னலுக்கு வெளியே அவனும் வந்து நின்றான். பூங்கொடி பிள்ளையைத் தூக்கி மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். "வாங்கம்மா, இதையும் முடிச்சிரலாம்" என்றார் நீதிபதி, சத்தியம் எல்லாம் சட்டத்தில் இல்லை என்பதை முகத்தில் காட்டிக்கொண்டு. சிந்தாமணி எழுந்தாள். கால் மரத்துப் போயிருந்தது. போய் அவர்கள் எதிரே முட்டிபோட்டு உட்கார்ந்து, கையை நீட்டினாள். தலையில் வைக்கத்தான் நீட்டினாள். ஆனால் கை தலைக்குப் போகவில்லை. தானாகத் திரும்பிக்கொண்டு, புறங்கையாக நெற்றியில் பட்டது, அங்கிருந்து காதுக்குக் கீழே கழுத்துக்குப் போனது. கொதித்தது. "பையனுக்குச் சுடுது" என்றாள், உதட்டுக்குள். பூங்கொடி முகத்தை இன்னும் கிட்டே கொண்டுவந்தாள். பிள்ளையின் தலைக்கு மேலே இருவர் மூச்சும் பட்டுக்கொண்டன. "இன்னிக்குக் காலைலயே சுட்டுச்சுங், சிஸ்டர். மருந்து குடுத்துத்தான் கூட்டியாந்தன். ஊட்ல யாருக்குந் தெரியாது. சொன்னா வைவாங்க, கோர்ட்டு நாளு தள்ளிப் போயிரும்" என்றாள். காற்றாகத்தான் சொன்னாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. கண் விரிந்தது. பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

அப்போ அன்றைக்கும் இப்படித்தான். அன்றைக்கும் வைவார்கள் என்று பேசாமல் கொண்டுவந்திருக்கிறாள், பேசாமல் நீட்டியிருக்கிறாள், அப்புறம் சொன்னேன் சொன்னேன் என்று சொல்லிச் சொல்லி அவளே அதை நம்பிவிட்டாள், அல்லது நம்ப முடியாமல்தான் இங்கே வந்து என்னைக் கேட்கிறாள். சிந்தாமணிக்கு எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. வக்கீல் சொன்ன ஒற்றை வார்த்தை நிஜம்தான், தாராளமாகச் சொல்லலாம், சாமி குத்தம்கூட இல்லை. வாயைத் திறந்தாள். ஆனால் புறங்கையில் அந்தச் சூடு இன்னும் இருந்தது. அவள் சொல்லாவிட்டால் என்ன, இந்தக் கை அன்றைக்கும் இப்படித்தானே போயிருக்கும்? என்னைக் கேட்காமல் போயிருக்கும், தொட்டிருக்கும், தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டுதான் போட்டிருப்பேன். "என்னுங் சிஸ்டரு, சொல்லுங்க" என்றாள் பாவாயி. சிந்தாமணி கையைத் திருப்பி உள்ளங்கையை யுகனின் உச்சந்தலையில் வைத்தாள். முடி ஈரமாக இருந்தது. "சொன்னாங்க" என்றாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "பையனுக்குச் சுடுதுன்னு பூங்கொடி அன்னிக்கு என்கிட்டச் சொன்னாங்க."

பொன்னுரங்கம் "சிஸ்டர்!" என்றார். அப்புறம் போனை எடுத்துக்கொண்டு அவசரமாக வராந்தாவுக்குப் போனார். இப்போது வாசல் காலியாகத்தான் இருந்தது, யார் வேண்டுமானாலும் போகலாம். பாவாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மோகனசுந்தரம் தன் பெண்டாட்டியை, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் பார்ப்பவன்போலப் பார்த்துக்கொண்டு நின்றான். பூங்கொடி அவனையும் பார்க்கவில்லை, சிந்தாமணியையும் பார்க்கவில்லை. பிள்ளையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். சிந்தாமணி முட்டிபோட்டபடியே இருந்தாள். டாக்டரின் முகம் வரும் என்று நினைத்தாள், மகளின் குரல் வரும் என்று நினைத்தாள். வந்தது அதுவல்ல. இத்தனை நாள் தேடித் தேடிக் கிடைக்காத அந்தப் புதன்கிழமை, தானே எழுந்து வந்து முன்னால் நின்றது: மஞ்சள் துண்டில் சுற்றின பிள்ளை, இன்னும் ஒல்லியாக, சின்னப் பெண்ணாகப் பூங்கொடி, "லேசா சுடுதுங் சிஸ்டர்" என்று தயங்கித் தயங்கிச் சொல்கிறாள். நடக்காதது என்று தெரியும். தெரிந்தும் துண்டின் நிறம்கூடத் தெளிவாக இருந்தது. பஞ்சை நனைத்துக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது கண்ணு, காலப் புடி" என்று சொல்கிற தன் குரலும் கேட்டது.